முதலில் காட்டும் வீடு

வீட்டுத் தரகனுக்கு மூலதனம் ஒரு ஜோடி செருப்பு, ஒரு செல்போன், ஒரே ஒரு ஆங்கில வார்த்தை: 'அட்ஜஸ்ட்'. தாம்பரத்தைச் சுற்றி நாற்பது வருஷமாக நான் காட்டிய வீடுகளை வரிசையாக அடுக்கினால் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டும். சந்தேகம் இருந்தால் அடுக்கிப் பாருங்கள். வாடகைக்கு வீடு தேடி அலைந்த உங்களுக்கு அந்த வார்த்தையின் வலி தெரியும். அதுவே கடைசியில் என் மதியத் தூக்கத்துக்கு உலை வைத்தது.

குழாயில் காற்று

மேடவாக்கத்தில் ஒரு ஐ.டி. தம்பதிக்கு மூன்றாவது மாடியைக் காட்டினேன். குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. "லாரித் தண்ணி வரும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்றேன். ஒரு பக்கெட்டில் இரண்டு பேர் குளிக்கணும் என்று அதற்கு அர்த்தம். அடுத்த மாதம் அந்தப் பையனைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"என் வைஃப் போன்ல லாரிக்காரர் நம்பர்தான் சார் முதல்ல. நான் ரெண்டாவது. அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்."

பீரோ

செம்பாக்கத்தில் ஒரு குறுகலான மாடிப்படி. குடிவந்தவர்களின் பீரோ படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. சாமான் ஏற்ற வந்த ஆள் "அட்ஜஸ்ட், அட்ஜஸ்ட்" என்று கத்திக்கொண்டே இருந்தார். தூக்கு, சாய், பிடி, விடு, ஓடு எல்லாவற்றுக்கும் அதே சொல். அவர் கூட்டாளிகளுக்கு எல்லாம் புரிந்தது; பீரோவுக்கு மட்டும் புரியவில்லை. மேலே மாட்டிக்கொண்ட குடும்பத்துக்கு இரண்டு வேளைச் சாப்பாடு கூடையில் கயிறு கட்டித்தான் போயிற்று. (மூன்று வேளை என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன், வயசாகிவிட்டது, குறைத்துக்கொண்டேன்.) கடைசியில் அந்த ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பீரோ இங்கியே இருக்கட்டும் பெருசு. வூட்ட வேணா அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

என் தொழில் ரகசியம்

நல்ல வீட்டை நாங்கள் முதலில் காட்டுவதில்லை. இரண்டு மட்டமான வீடுகளைக் காட்டிவிட்டு மூன்றாவதைத் திறந்தால் அது அரண்மனையாகத் தெரியும். என்னுடைய முதல் வீடு எப்போதும் ஒன்றுதான்: பீர்க்கன்கரணை ஏரியோரம், நான் குடியிருக்கும் வீட்டின் மாடி. ஆள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஜன்னலையெல்லாம் அடைத்துவிடுவேன். உள்ளே நுழைந்தவர் வேர்த்து ஓடிவிடுவார். அவர் தலை மறைந்ததும் ஜன்னலைத் திறந்து, ஏரிக்காற்றில் பாயை விரித்துப் படுத்துவிடுவேன். ஆறு வருஷம் இப்படி ஓடியது. வீட்டுக்காரர் முனுசாமி, அந்த இடத்தில் ஒருகாலத்தில் நெல் போட்டவர், மாதாமாதம் கேட்பார்:

"இன்னாப்பா, ஊருக்கெல்லாம் ஆள் புடிச்சித் தர்ற, என் வூட்டுக்கு மட்டும் ஆளே கெடைக்கலியா?"

ஸ்டெல்லா டீச்சர்

டீச்சர் வீட்டில் சனிக்கிழமை மதியம் சர்ச் பாடகர் குழு கூடும்; இருபது பேர், ஒரு கீபோர்டு. பாட்டு என்றதும் நான்கு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். இருந்த வீட்டை அந்த வாரமே காலி செய்யணும். கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம்தான். இடம் இல்லையென்றால் குழு கலைந்துவிடும் என்றார். எனக்கே பாவமாக இருந்தது. சேலையூரில் அருமையான வீடு ஒன்றை மூன்றாவதாக வைத்திருந்தேன். வழக்கம்போல என் மாடியில் ஆரம்பித்தேன்.

"ஒரே புழுக்கம்மா. பேச்சுத் துணைக்கு அக்கம்பக்கம் கிடையாது. தவளைதான் கத்தும்."

"அக்கம்பக்கமே இல்லையா?" டீச்சர் விறுவிறுவென்று போய் ஜன்னல்களைத் திறந்தார். காற்று குபுகுபுவென்று வந்தது. மூலையில் தலையணையோடு சுருட்டியிருந்த பாயைப் பார்த்து யாருடையது என்றார். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனது என்றேன். சேலையூர் வீட்டையும் பார்த்துவிடலாம் என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே முனுசாமி படியேறி வந்துவிட்டார். டீச்சர் பயந்துகொண்டே பாட்டு விஷயத்தைச் சொன்னார்.

"பாடுங்க தாயி! தவளைய அறுவது வருசமா அட்ஜஸ்ட் பண்ணிக்கினு கீறேன், உங்களப் பண்ணிக்க மாட்டனா?"

சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி

என் தலைக்கு மேலே இருபது தொண்டைகள். பொறுக்க முடியாமல் மாடி ஏறினேன். நான் வாயைத் திறக்குமுன் டீச்சர் உள்ளே போய், உறை துவைத்த தலையணையையும் பாயையும் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"ஓனர் எல்லாம் சொன்னார் சார், இது உங்களோடதாம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, கிறிஸ்துமஸ் வரைக்கும்தான். அப்புறம் ஈஸ்டர் பாட்டு ஆரம்பிச்சிடுவோம்."

நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் அள்ளி வழங்கிய வார்த்தையைத்தான் இப்போது பஞ்சாக உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு படுக்கிறேன்.