இரண்டு அடாப்டர்களும் என் கையெழுத்தும்

தமிழ்த் தட்டச்சுத் தொழிலில் எழுத்துப் பிழைக்கு மருந்து உண்டு. ஹார்டு டிஸ்க் நின்றுபோனால் பிழை பார்க்க எழுத்தே மிஞ்சாது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், பொன்னேரி ரயில் நிலையத்துக்கு அருகில் ஓர் அறை எடுத்து, கணினியும் ஸ்கேனரும் வைத்து மனுக்களும் அழைப்பிதழ்களும் அடித்துக் கொடுத்தேன். பத்துப் படம் ஏற்றினாலே பென் டிரைவ் நிறைந்துவிட்ட காலம் அது. சேமித்தது இருக்குமோ இராதோ என்று அஞ்சிக் கணினியைத் திறந்திருக்கும் தோழமைகளே, உங்களுக்கு இதைச் சொல்லலாம்.

உயிரும் உடம்பும்

ஒரு திங்கட்கிழமை மின்சாரம் மூன்று முறை போய் வந்தது. நான்காம் முறை வந்தபோது கணினி எழவில்லை. என் அச்சம் கணினியைப் பற்றியதன்று, செல்வம் என்பவரைப் பற்றியது. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்துக்கு வலக்கையின் இரு விரல்களைக் கொடுத்தவர் அவர். அவருடைய நஷ்டஈட்டு மனுவை அடித்ததும், மருத்துவச் சான்றுகளை ஸ்கேன் செய்ததும் நான். கவரைப்பேட்டையில் அவர் வீட்டுக்குள் புகுந்த மழைநீரில் மூலத்தாள்கள் கூழாகிவிட்டன. வியாழக்கிழமை சான்றுகளைத் தாக்கல் செய்தாக வேண்டும். மிஞ்சிய ஒரே படி என் கணினிக்குள் இருந்தது.

பழுது பார்க்கும் பாபு மூடியைக் கழற்றி, முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், உசுரு கீது, ஒடம்புதான் பூட்ச்சி. டிஸ்க்க கழட்டித் தரேன், அதுக்கு வெளிய மாட்ற பொட்டி ஒண்ணு வாங்கிக்கினு வாங்க."

கடையில் நடந்த தேர்வு

பழவேற்காட்டுக்காரரான காதர் பாய் கடையில் இரண்டு வகைப் பெட்டிகள் இருந்தன. சிறியது, யூ.எஸ்.பி. கேபிள் வழியாகவே மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் லேப்டாப் டிஸ்க் மட்டுமே அதற்குள் அடங்கும். என்னுடையதோ மேசைக் கணினியின் பெரிய டிஸ்க். அதற்குரிய பெரிய பெட்டிக்குத் தனி அடாப்டர் வேண்டும். பிளாஸ்டிக்கா, அலுமினியமா? எது சூட்டை விரைவில் வெளியேற்றும்? கேபிள் புதிய வேகத்ததா, பழைய வேகத்ததா? மின்சாரம் நடுவில் நின்றால் என்ன ஆகும்? அச்சம் மிகுந்தால் எனக்குக் கேள்விகளும் மிகும். அலுமினியப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"டீச்சரம்மா, பொட்டி வாங்க வந்தீங்களா, எனக்குப் பரீட்ச வெக்க வந்தீங்களா?"

முன்வரிசை, பின்வரிசை

செவ்வாயன்று பாபு இரவல் தந்த கணினியின் முன்புறத் துளையில் கேபிளைச் செருகினேன். டிஸ்க் திரையில் தோன்றியது. செல்வத்தின் பெயரைச் சொடுக்குவதற்குள் மறைந்தது. மீண்டும் தோன்றி, மீண்டும் மறைந்தது. உள்ளே 'டிக், டிக்' என்று ஓர் ஒலி. ஒவ்வொரு டிக்கிலும் ஒரு சான்றிதழ் அழிவதாகவே எனக்குப் பட்டது. பாபுவைத் தொலைபேசியில் அழைத்தேன். பெட்டி சுடுகிறதென்றால் இன்று அணைத்து ஆறவிடுங்கள், நாளைக் காலையில் பின்புறத் துளையில் செருகுங்கள் என்றார். ஏன் பின்புறம் என்று கேட்டேன்.

"ஸ்கூல்லதான் டீச்சர் முன்பெஞ்சு ஒசத்தி. இங்க பின்பெஞ்சுதான் ஒயுங்கா படிக்கும்."

உதிர்ந்த சீட்டு

எதற்கும் பெயர் எழுதி ஒட்டுவது என் வழக்கம். பெட்டியின் அடாப்டரும் ஸ்கேனரின் அடாப்டரும் ஒரே கறுப்பு, ஒரே முனை. எனவே ஒன்றில் 'டிஸ்க்', மற்றதில் 'ஸ்கேனர்' என முத்து முத்தாக எழுதி ஒட்டியிருந்தேன். மின்சாரத்துக்கு அஞ்சி இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுச் சென்றேன். புதன் காலை வந்து பார்த்தால், அறை வெக்கையில் பசை விட்டுச் சீட்டுகள் இரண்டும் தரையில் கிடந்தன. எது எதற்கு என்பது எனக்கு நினைவிருந்தது. அதில் ஐயமே இல்லை. மீண்டும் ஒட்டினேன். செல்வம் வந்து அருகில் நின்றார். பின்புறத் துளையில் கேபிளைச் செருகி, அடாப்டரை மாட்டி, சுவிட்சில் விரலை வைத்தேன்.

"இருங்க டீச்சர். அது எத்தினி வோல்ட்டு?"

எண் என் சீட்டுக்கு அடியில் இருந்தது. எஞ்சிய விரல்களால் அவர் சீட்டை உரித்தார். இருபத்துநான்கு. பெட்டிக்கு வேண்டியது பன்னிரண்டு. சுவிட்சைப் போட்டிருந்தால் டிஸ்க் கருகியிருக்கும். அவரே அடாப்டரை மாற்றினார். டிஸ்க் சுழன்றது, பின்வரிசை பாடம் ஒப்பித்தது. பதினொரு தாள்களையும் அச்சிட்டு அவரிடம் நீட்டினேன்.

தாள்களை இடக்கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கி நான் மிஷின் உள்ள கைய வுட்டப்போ, சுவிட்சுல 'போடாதே'ன்னு அட்ட மாட்டித்தான் இருந்தேன். அது கீழ வுழுந்துச்சி; எட்த்தவன் பக்கத்து மிஷின்ல மாட்டிட்டான். நீங்க டைப் அட்ச்ச மனுவுலயே கீதே டீச்சர், ரெண்டாம் பக்கம்!"

அதன்பின் லேப்டாப் டிஸ்க்கும், கேபிளிலேயே மின்சாரம் எடுக்கும் சிறிய பெட்டியும் வாங்கிவிட்டேன்; என் கையெழுத்துக்கு வேலை வைக்காத பெட்டியே நம்பத்தக்க பெட்டி என்பது, முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறர் கையெழுத்துக்கு மதிப்பெண் போட்டவளின் முடிவு.