ஞாயிறு நாலரை மணி வகுப்பு

புதிதாக வகுப்பு எடுக்கப் போகிறவர்கள் சில நேரம் என்னைத் தேடி வருகிறார்கள். யோகா சொல்லிக் கொடுக்க நினைக்கிற ஒருவர், கேக் அலங்காரம் சொல்லிக் கொடுக்கப் போகிற ஒருவர், பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கலாமா என்று யோசிக்கிற ஒருவர். "எப்படிக்கா ஆரம்பிச்சீங்க?" என்று கேட்பார்கள். தைரியமாக நாலு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் சேலை பிளவுஸ் வெட்டித் தைக்கச் சொல்லிக் கொடுக்கிறவள். தைரியத்துக்கு வேறு கடை பார்க்க வேண்டியதுதான். இன்றைக்கும் வகுப்பு இருக்கிற நாளில், பேச வேண்டியதைக் காலையிலிருந்தே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் நான் சொல்வது ஒன்றுதான். வகுப்பு நேரத்தை முடிவு செய்வதற்கு முன், யாரிடமாவது வாயைத் திறந்து கேளுங்கள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னுடைய பிரிவை மூடிவிட்டார்கள். கல்யாணமான கொஞ்ச நாளில் சேர்ந்த வேலை. ஷிப்ட் வேலையிலேயே முடி நரைத்துப் போனது. இந்த வயதில் இன்டர்வியூவுக்குப் போனால், உள்ளே உட்கார்ந்திருப்பது என் மகன் வயதுப் பையன். "கால் பண்றோம் ஆன்ட்டி" என்று அனுப்பிவிடுகிறான். கிள்ளானில் இருக்கும் தங்கை, தன் கடையில் வந்து உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனால் அந்தக் கடையோடு சரி, திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை பிளவுஸ் தைப்பது. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறேன். சொல்லிக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் அறை இருக்கிறது. கீழே மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடை. சங்கத்தின் அறைகளைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் கறாரான ஆள். ஞாயிற்றுக்கிழமை எல்லா நேரத்தையும் யாராவது பிடித்திருந்தார்கள். நாலரையிலிருந்து ஆறு வரை மட்டும் காலி. ஆறு மணிக்கு சீன ஆன்ட்டிகள் லைன் டான்ஸ் ஆட வந்துவிடுவார்கள். "மொத நாள் எட்டுப் பேராவது வரணும்மா. இல்லனா கமிட்டி அந்த நேரத்தையும் டான்ஸ்காரங்களுக்குக் கொடுத்துடும். அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். எனக்கு நேரம் கிடைத்ததே பெரிது. இவ்வளவு நல்ல நேரத்தை ஒருத்தரும் எடுக்காமல் விட்டிருக்கிறார்களே, நம் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அது ஏன் காலியாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்து நேரத்தைப் போட்டேன். சேர்ந்த அக்காமார்கள் எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். கட்டை விரலை நம்பாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிறு மூன்று மணிக்கெல்லாம் போய்விட்டேன். படிக்கட்டின் கீழே செருப்பை விட்டுவிட்டு, பழைய செய்தித்தாள் கட்டு, கத்தரிக்கோல்கள், இன்ச் டேப், சாக்பீஸ் எல்லாவற்றையும் மேலே சுமந்து போனேன். முதல் வகுப்பில் துணியைத் தொடவிடக் கூடாது, செய்தித்தாளில்தான் வெட்டிப் பழக்க வேண்டும். தாள் கெட்டால் யாரும் அழமாட்டார்கள். மேசைகளை ஒட்டிப் போட்டேன், பிறகு பிரித்துப் போட்டேன். பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் வாக்கியம் மறந்து போனது. தண்ணீர் குடித்தேன், கழிவறைக்குப் போனேன், திரும்பவும் தண்ணீர் குடித்தேன்.

நாலரை ஆனது. யாரும் வரவில்லை.

நம் ஆட்கள்தானே, கொஞ்சம் முன்னே பின்னே வருவார்கள் என்று இருந்தேன். ஐந்தும் ஆனது. பாலத்தில் ஜாமாக இருக்கும். அக்கரையில் செபராங் ஜெயாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஃபெரி தவறியிருக்கும். சரி, இங்கே பக்கத்திலேயே கெலுகோரில் இருப்பவர்களுக்கு என்ன கேடு? சன்னலில் எட்டிப் பார்த்தால் மாமாக் கடையின் கூரைத் தகரம்தான் தெரிந்தது. போனை எடுத்து, "எல்லாரும் எங்கே இருக்கிறீர்கள்?" என்று அடித்தேன். அழித்தேன். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "வகுப்பு தொடங்கிவிட்டது" என்று அடித்தேன். யாரை வைத்துத் தொடங்கினேன்? அதையும் அழித்தேன்.

மின்விசிறிக் காற்றில் செய்தித்தாள்கள் பறந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து, மேலே கத்தரிக்கோலை வைத்தேன். யாரோ என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைப்பு போனது. தொழிற்சாலையில் சர்க்யூட் பலகை சரிபார்த்துக்கொண்டிருந்தவளுக்கு டீச்சர் வேலை ஒரு கேடா என்று சிரித்திருப்பார்கள். நான் யாருக்கோ தைத்த பிளவுஸில் கைப்பக்கம் இறுக்கிப் பிடித்தது இப்போது போய் நினைவுக்கு வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். எல்லாரையும் குழுவிலிருந்து தூக்கிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். "ஒருத்தரும் வரலையாம்மா?"

"வந்துகிட்டு இருக்காங்கண்ணே."

"ம்ம்" என்றார். "ஆறு மணி வரைக்கும் பாப்போம். அப்புறம் நான் கமிட்டிக்குச் சொல்லியாகணும்." அவர் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கிள்ளானுக்கு எந்த பஸ்ஸில் போவது, வீட்டை என்ன செய்வது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். அழுகை வந்தது. சீன ஆன்ட்டிகள் வந்து பார்ப்பார்களே என்று விழுங்கிக்கொண்டேன்.

ஆறு அடித்ததும் படிக்கட்டில் ஒரே சத்தம். டான்ஸ்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று தாள்களை அள்ளத் தொடங்கினேன். வாசலில் முதலில் தெரிந்தது ஒரு மல்லிகைப்பூத் தலை. பின்னால் இன்னொன்று. அக்காமார்கள் வரிசையாக ஏறி வந்தார்கள், எட்டுப் பேருக்கு மேலேயே இருக்கும். அவர்களுக்கு நடுவில் சீன ஆன்ட்டிகள், ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யார் முதலில் போவது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கக்கா போனீங்க எல்லாரும்?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பள்ளிக்கூட கேன்டீனில் வேலை செய்கிற மூத்த அக்காதான் பதில் சொன்னார். "கீழ மாமாக் கடையிலதான் இருந்தோம் டீச்சர். நாலரையில இருந்து ஆறு வரைக்கும் ராகு காலம் ஆச்சே. அந்த நேரத்துல போயி யாரு கத்தரி வைப்பாங்க?"

ஷிப்ட்டில் வேலை பார்த்தவளுக்கு ராகு ஏது, குளிகை ஏது? எங்களுக்கு மணி அடித்தால் காலம். என் வீட்டுச் சுவரிலும் ராகு காலம் போட்ட காலண்டர் தொங்குகிறது. நான் அதில் பொது விடுமுறையை மட்டும்தான் பார்ப்பேன்.

"மேல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா? ஒரு மெசேஜாவது போட்டிருக்கலாம்ல?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "உங்க செருப்பு படிக்கட்டுல கெடந்துச்சு. டீச்சர் மேல எல்லாம் ரெடி பண்றாங்க, ஆறு மணிக்குக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சோம்" என்றார் ஒருவர். மூத்த அக்கா குரலைத் தாழ்த்தினார். "நேரம் சரியில்லன்னு டீச்சர்கிட்ட போயி எப்படி டீச்சர் சொல்றது? மரியாதையா இருக்குமா? நீ போ, நீ போன்னு கீழ ஒரே சண்டை. யாருக்கும் தைரியம் இல்ல லா."

மேலே நான் அவர்களை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கீழே அவர்கள் என்னை நினைத்து நடுங்கிக்கொண்டு ஆற்றிய டீ, தே தாரே, குடித்திருக்கிறார்கள். புதிதாக வகுப்பு எடுக்கிறவர்கள் இதை நம்பவேமாட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நம்மைவிடப் பயம் அதிகம். "புரியுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், புரிந்ததால் அல்ல. "வெட்டிக் காட்டுங்க" என்றுதான் கேட்க வேண்டும்.

அன்றைக்கு இதெல்லாம் யோசிக்க நேரம் இல்லை. ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கிவிட்டது. எங்களை வெளியே போகச் சொல்ல அந்த ஆன்ட்டிகளுக்கும் மனசு வரவில்லை, ஓரமாக நின்று ஆடத் தொடங்கினார்கள். "கீழ வாங்க டீச்சர்" என்று அக்கா என் கையிலிருந்த தாள் கட்டை வாங்கிக்கொண்டார்.

மாமாக் கடைக்காரர் கடைசி மேசைகள் மூன்றைத் துடைத்து ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தார். ரொட்டி சானாய் வாசனையில் என் முதல் வகுப்பு நடந்தது. மனப்பாடம் செய்த எதுவும் நினைவில் வரவில்லை. "மார்பளவை டேப்புல நாலா மடிங்க" என்று ஆரம்பித்தேன். அவசரமாக வரைந்ததில் கழுத்து வளைவு கோணலாக விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் அந்தக் கோணலையும் அப்படியே பார்த்து வரைந்துகொண்டிருந்தார். சிரிப்பு வந்துவிட்டது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, எல்லாரையும் திரும்ப வரையச் சொன்னேன். அதற்குப் பிறகு நேரம் போனதே தெரியவில்லை.

அண்ணன் எப்போது வந்து நின்றார் என்று பார்க்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாள் குப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராகு காலம்னு தெரிஞ்சுதான் கேக்குறீங்க, மாடர்ன் ஆளு போலன்னு நானும் நெனச்சுட்டேன்மா" என்றார். பிறகு பொதுவாக எல்லாரையும் பார்த்து, "இப்ப கமிட்டிக்கு நான் என்னன்னு சொல்றது? ரூம்ல ஒருத்தரும் இல்லையே?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மூத்த அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அடுத்த வாரத்துல இருந்து மூணு மணிக்கு ரூம் வேணும்னு சொல்லுங்கண்ணே. அந்த நேரத்துல வேற ஆளு இருந்தா, அவங்ககிட்ட நாங்க பேசிக்கிறோம். எங்க டீச்சர் இன்னொரு நாளு தனியா ஒக்காந்து காத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

மற்றவர்கள் ஆமாம் என்று சேர்ந்து சொன்னார்கள். நான் சட்டென்று மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். இவ்வளவு நேரம் விழுங்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வந்தது.

"என்ன டீச்சர், ஊசி விழுந்துடுச்சா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

ஆமாம் என்றேன். உடனே எல்லாரும் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குனிந்து தேடத் தொடங்கினார்கள்.