மூச்சை அளக்கப் போன இடத்தில்

நோய் எதனால் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில். ஆனால் அதில் முக்கால்வாசி நேரம் பூட்டிய வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்பதிலேயே போய்விடும். கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து நாய் துரத்தி ஓடியவர் நீங்களும் என்றால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

எனக்குக் கொடுத்த கேள்வி சின்னது. பட்டாசு ஆலை வேலை நுரையீரலைக் கெடுக்கிறதா, இல்லையா? ஆலை ஆட்களையும், ஆலைக்குப் போகாத ஊர்க்காரர்களையும் ஒரே கருவியில் ஊதச் சொல்லி, யாருக்கு எவ்வளவு மூச்சு என்று ஒப்பிட வேண்டும். கெடுக்கிறது என்று வந்தால் அந்த வட்டாரத்தில் வருஷா வருஷம் நுரையீரல் பரிசோதனை நடக்கும். இல்லை என்று வந்தால் அதோடு முடிந்தது.

பொறுக்கி எடுத்த ஆட்கள்

சிவகாசிப் பக்கம் ஒரு ஆலை. வருகைப் பதிவேட்டிலிருந்து சீட்டுக் குலுக்கிப் பெயர்களை எடுத்து, போர்மேனிடம் கொடுத்திருந்தேன். மறுநாள் போனால் தலைசீவி, திருநீறு பூசி, திடகாத்திரமாக ஒரு வரிசை நிற்கிறது. பட்டியலில் இருந்த ஒரு பெயர்கூட அதில் இல்லை. கத்தினேன். கொடுத்த பட்டியல்படி ஆட்களை வரச் சொன்னேன். பட்டியலில் இருந்த சில பெயர்கள் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. போர்மேனிடம் கேட்டால், "அவுக வேலைய விட்டு நின்னுட்டாக" என்றார். சரி என்று அடுத்த பெயரை எழுதிக்கொண்டேன். அந்தச் 'சரி' எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

போர்மேன் என்னமோ நான்தான் நன்றி கெட்டவள் என்பதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "இருமுற ஆளக் கொண்டாந்து நிப்பாட்டுனா கம்பெனிக்குத்தான அசிங்கம்? ஒங்களுக்காக நல்லா ஊதுற ஆளாப் பொறுக்கி வச்சிருந்தேன் டாக்டரம்மா."

அட்டைக்குழாய்

ஊதும் கருவியின் வாயில் ஆளுக்கொரு புது அட்டைக்குழாய் மாட்டுவோம். எப்படி ஊதுவது என்று காட்ட எனக்கு ஓர் உதவியாளர் இருந்தார், மாரியக்கா. எம். புதுப்பட்டிக்காரர், நாற்பது வயதிருக்கும். வேலைக்கு எடுக்கும்போது, "இப்போ என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். "வீட்லதான் சும்மா இருக்கேன்" என்றார். அவ்வளவுதான் எங்கள் நேர்முகத் தேர்வு. தினமும் காலையில் கருவியைத் துடைத்து, கூட்டத்துக்கு முன்னால் அவர்தான் முதலில் ஊதிக் காட்டுவார். அவர் அளவு எப்போதும் பாதியில் நின்றுவிடும். "அக்கா, ஏனோதானோன்னு ஊதாதீங்க. உங்களைப் பார்த்து அவங்களும் அப்படியே ஊதுவாங்க" என்று தினமும் அர்ச்சனை செய்வேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி ஊதுவார்.

ஒருநாள் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும் பிரிவிலிருந்து வந்த ஓர் அம்மா ஊதவே இல்லை. எங்கள் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலை உள்ளே விட்டுப் பார்த்தார், நகத்தால் கீறினார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: "எங்கன வாங்குனீக இத? பசையே பத்தல. நான் இப்பிடிச் சுத்துனா மொத்த லோடையும் திருப்பி அனுப்பிருவாக."

பட்டாசே இல்லாத ஊர்

ஒப்பிட ஆலைவாடை படாத ஊர் ஒன்று வேண்டும். வரைபடத்தை விரித்து ஆலங்குளம் பக்கம் விரலை வைத்தேன். எங்கள் ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்து, அங்கே சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் தூசியும் உண்டே என்றார். படித்த படிப்பெல்லாம் ஜீப்பிலேயே இறங்கிப்போனது. ஒருவழியாக, சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியுமாக ஒரு கிராமம் கிடைத்தது. ஊருக்குள் ஒரு ஆலைகூட இல்லை. கேள்வித்தாளில் "தற்போதைய தொழில்" என்று ஒரு கட்டம். விவசாயம், விவசாயம், ஆடு மேய்ப்பு, விவசாயம். ஊதி முடித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. வெயில்தான் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது டிரைவர் மட்டும் தாடையைச் சொறிந்தார்: "நம்ம ஜில்லாவுல பட்டாசுக்கே போகாத சனம் இம்புட்டு ஒரே ஊர்ல கெடச்சிருக்குன்னா, நம்பத்தான் முடியல டாக்டரம்மா."

தலைகீழ்

எண்களைக் கூட்டிப் பார்த்தபோது கணக்கு தலைகீழாக நின்றது. ஆலையில் வேலை செய்பவர்கள் நன்றாக ஊதியிருந்தார்கள். சோளக்காட்டுக்காரர்கள்தான் மோசம். மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் அதே விடை. அப்படியே எழுதினால், வெடிமருந்துத் தூசி உடம்புக்கு நல்லது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். போனில் எங்கள் துறைத் தலைவரிடம் சொன்னேன். அவருக்கு அடுத்த வாரம் அறிக்கை போக வேண்டும். ஒரு பாரம் இறங்கிய குரலில் சொன்னார்: "அப்போ பிரச்சினை ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு. வருஷா வருஷம் பரிசோதனை தேவையில்லைன்னு முடிச்சிடும்மா."

ஆட்டுக்காரர்

முடிக்க மனம் வரவில்லை. அதே கிராமத்துக்குத் திரும்பப் போனேன். எதிரே ஆடுகளோடு வந்தவர் சுப்பையா. எங்கள் கருவியில் மிக மோசமாக ஊதியவர்களில் ஒருவர். எத்தனை வருஷமாக ஆடு என்று கேட்டேன். மூன்று வருஷம் என்றார். அதற்கு முன்னால்? பதினாலு வருஷம் பேன்சி வெடிக்கு மருந்து கலக்கியிருக்கிறார். மாடிப்படி ஏற முடியாமல் போனதும் நின்றுவிட்டார். ஆடு மெதுவாகத்தானே நடக்கும் என்று ஆட்டுக்கு வந்திருக்கிறார். அந்தத் தெருவில் பாதி வீடு அப்படித்தானாம்.

நுரையீரல் கெட்டவர்களை ஆலைக்கணக்கில் சேர்க்காமல் அடித்துவிட்டு, அதே ஆட்களைத் தேடிப் போய் 'ஆலைக்குப் போகாதவர்கள்' கட்டத்தில் போட்டிருக்கிறேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஆட்டைத்தான் பார்த்தார்: "இப்ப என்ன வேலைன்னுதான கேட்டீக? முந்தி என்ன வேலைன்னு நீங்க கேக்கவே இல்லையே."

பயிற்சி, நீக்கவும்

அறிக்கையை நிறுத்திவைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்த பெயர்களைத் தேடிப் போவது, எல்லோரிடமும் பிறந்ததிலிருந்து செய்த வேலைகளைக் கேட்பது என்று திட்டத்தையே மாற்றி எழுதினேன். அதற்கு முன்னால் கருவி ஒழுங்காக வேலை செய்ததா என்று பார்க்கத் தினசரிக் கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு நாளும் முதல் வரி மாரியக்காவுடையது. பக்கத்தில் என் கையெழுத்தில், 'பயிற்சி, நீக்கவும்'. அதாவது, சொல்லிக்காட்ட ஊதியது, கணக்கில் சேர்க்க வேண்டாம். நாலு மாதமாக ஒரே அளவு. ஏனோதானோவென்று ஊதுகிறவருக்கு நாளுக்கு ஒரு அளவு வரும். இப்படி ஒரே அளவில் வந்து நிற்காது.

அவரை உட்காரவைத்து, வீட்டில் சும்மா இருப்பதற்கு முன்னால் என்ன வேலை என்று கேட்டேன். பன்னிரண்டு வருஷம் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்திருக்கிறார். முடி முதல் நகம் வரை அலுமினியப் பவுடராகத்தான் வீட்டுக்குப் போவாராம். இருமல் விடாமல் போனதும் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூச்சு வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் அட்டைக்குழாயைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்கதான் தெனமும் ஊதுறது பத்தலைன்னு வஞ்சீகளே. இந்த வேலையவிட்டும் நிப்பாட்டிருவீகளோன்னு, இருக்குற மூச்சையெல்லாம் சேத்துத்தான் ஊதுனேன் டாக்டரம்மா."

புதுப் பட்டியலில் முதல் பெயர் மாரியக்காவுடையது. நோய்க்குக் காரணம் தேடி ஊரையெல்லாம் ஊதச் சொன்ன நான், நாலு மாதம் என் மேஜைக்கு எதிரே நின்று ஊதிய நுரையீரலை வைதுகொண்டிருந்தேன் என்பதுதான் என் ஆராய்ச்சியில் இதுவரை சந்தேகமில்லாமல் நிரூபணமான ஒரே முடிவு.