வெட்டிய காட்சிக்கு வசனம் சொன்ன குரல்

பள்ளி நாட்களில் தேய்ந்த பிரிண்ட்டில் நான் பார்த்துப் பைத்தியமான முகமூடி நாயகன் படம், வெட்டிய காட்சிகளையும் சேர்த்த டைரக்டர்ஸ் கட்டாகப் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. இன்று காந்திபுரத்துத் தியேட்டரில் மேட்னி பார்த்தேன்.

மழைச் சண்டையில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிகிறது. கண் கலங்கிவிட்டது.

எல்லாரும் பழைய ரசிகர்கள். நாயகன் வாய் திறக்கும் முன்பே தியேட்டரே வசனம் சொன்னது.

பிறகு, அன்று வெட்டி எறிந்து இப்போதுதான் முதன்முறையாகச் சேர்த்த காட்சி வந்தது. கண்ணாடி முன்னால் முகமூடியைக் கழற்றுகிறான். யாருக்கும் வசனம் தெரியாததால் தியேட்டர் அடங்கிவிட்டது.

ஒரே ஒரு குரல் மட்டும், எனக்கு மிகப் பக்கத்தில், அவனோடு சேர்ந்து, ஒரு சொல் பிசகாமல் கடைசிவரை பேசியது.

இடைவேளையில் பக்கத்து சீட்காரரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, இந்த சீனை இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லீங்களே. உங்களுக்கு எப்படிங்க வசனம் தெரிஞ்சுது?"

அவர் பாப்கார்னைக் கீழே வைத்தார்.

"நானுங்களா? நான் வாயே தொறக்கலீங்க. பேசுனது நீங்கதானுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படம் மறுபடி தொடங்கியபோது நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தார்.

நாளைக்கும் போகிறேன். யாராவது துணைக்கு வருகிறீர்களா? டிக்கெட் என் செலவு. அந்தக் காட்சியில் மட்டும் திரையை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.