பிரேக்குக்கு எண்ணெய் பூசிய அப்பா

அந்த ஆயுத பூஜையன்று எங்கள் பைக்கின் முன்சக்கரத்து டிஸ்க் தட்டு மின்னியதைப் போல வேறு எந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை. டேங்குக்குச் சந்தனம், குங்குமம்; ஹேண்டில்பாருக்குச் செவ்வந்தி மாலை. அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்று வண்டியை ரசித்தார். பெற்ற மகளைக்கூட அவ்வளவு பெருமையாகப் பார்த்திருக்க மாட்டார். "பாரு கண்ணு, ஷோரூம்லகூட இப்பிடி மின்னாது" என்றார். மின்னாதுதான். ஷோரூம்காரர்கள் பிரேக் தட்டுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவதில்லையே!

சோமனூரில் வீட்டையொட்டியே எங்களுக்குத் தறிக்குடோன் இருந்தது. சுற்றுவது எதுவாயிருந்தாலும் எண்ணெய் விட்டால்தான் ஓடும் என்பது தறிக்காரர்களின் வேதம். அதிலும் ஆயுத பூஜை வந்துவிட்டால், தறியை நிறுத்திப் பஞ்சுத்தூசியைத் துடைத்து, வீட்டிலிருக்கும் இரும்பையெல்லாம் எண்ணெய்த் துணியால் தேய்ப்பார் அப்பா. கத்தரிக்கோல், அரிவாள், என் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்த காம்பஸ், எதுவும் தப்பாது. பைக் மட்டும் தப்புமா? அதை மெக்கானிக்கிடம் விடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். தானே கழற்றுவார், தானே பூட்டுவார். பூட்டி முடித்ததும் ஒன்றிரண்டு நட்டு தரையில் மிஞ்சிக் கிடக்கும். கேட்டால், "கம்பெனிக்காரன் எச்சா போட்டுடறான் கண்ணு" என்பார். ஒருமுறை ஏர் ஃபில்டரை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்தோடு மாட்டிவிட்டார். வண்டி வழிநெடுக இருமிக்கொண்டே போனது. "கஷாயம் வெச்சுத் தரட்டுங்களா?" என்றாள் அம்மா.

அந்த வருஷம் முன் டிஸ்க்கோடு நிற்காமல், பின்சக்கரத்து டிரம்மையும் திறந்து உள்ளே தாராளமாக எண்ணெய் விட்டிருந்தார். மறுநாள் விஜயதசமி. அம்மாவை ஏற்றிக்கொண்டு அவிநாசி கோயிலுக்குக் கிளம்பினார். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று தெருமுனையிலேயே தெரிந்திருக்கிறது. "புது எண்ணெய் அம்மணி, போகப்போகச் சரியாயிரும்" என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். ஊர் தாண்டியதும் ஓர் ஆடு குறுக்கே வந்தது. கையால் அழுத்தினார், காலால் மிதித்தார். வண்டி நிற்கவில்லை. சாலையோர ஜல்லிக் குவியலில் ஏறிச் சரிந்தது. அப்பாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "பிரேக்குல ஆருங்க எண்ணெய உட்டது?"

"நான்தானுங்க" என்றார் அப்பா.

மெக்கானிக் சரிசெய்து கொண்டுவந்து நிறுத்திய வண்டியை, எங்கள் தறியில் நெய்த காடாத் துணியால் மூடிவிட்டார் அப்பா. எங்கே போனாலும் பஸ்தான். "என் கையாலயே அவ கைய ஒடிச்சுப்போட்டேன். இனி அவள வண்டில ஏத்த மாட்டேன்" என்று என்னிடம் சொன்னபோது, மனுஷன் ஒரே வாரத்தில் கிழவனாகிவிட்டதுபோல் எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கோ கைவலி பெரிதாகத் தெரியவில்லை. அந்த வண்டியில் ஊர் சுற்றும்போதுதான் இருவரும் மனம் விட்டுப் பேசிக்கொள்வார்கள். வீட்டில் எந்நேரமும் தறிச்சத்தம், யார் பேச்சும் யார் காதிலும் விழாது. அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிடுமோ என்று அம்மா பயந்தாள். எனக்கும் அதே பயம்தான்.

கட்டுப் போட்ட கையால் அவளுக்குத் தலை பின்ன முடியவில்லை. நான் பின்னிவிடப் போனால் அப்பா சீப்பைப் பிடுங்கிக்கொள்வார். தறியில் அறுந்த இழைகளை ஆயுசெல்லாம் முடிச்சிட்ட விரல்கள் அவை. சிக்கு எடுத்து, இறுக்கப் பின்னி, நுனியில் ரிப்பனைத் தறிக்காரர் முடிச்சாகவே போட்டுவிடுவார். "இந்த முடிச்ச அவுக்கறதுக்குள்ள எனக்கு முடியே கொட்டிப்போயிரும்" என்பாள் அம்மா. எப்போதும் சிரிக்கும் மனுஷன் அதற்கும் சிரிக்க மாட்டார். எனக்கு அழுகை வந்துவிடும்.

இன்று அப்பா இல்லை. என் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விடுகிறேன், ஒரு நட்டும் மிஞ்சாமல் திரும்பி வருகிறது. நல்லதுதான். ஆனாலும் எண்ணெய்க் கையோடு "பாரு கண்ணு" என்று கூப்பிட ஓர் ஆள் இல்லையே என்று இருக்கிறது.

அன்று, கைக்கட்டைப் பிரித்த மறுநாள் காலை, அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "ஏனுங்க, பாதில உட்ட கோயிலுக்குப் போலாங்களா?"

"பஸ்ஸுக்கு நேரமிருக்குது" என்றார் அப்பா.

அம்மா காடாத் துணியை இடது கையால் உருவி எறிந்தாள். "வண்டிய மெக்கானிக்கு சரிபண்ணிப்போட்டாரு. உங்கள ஆருங்க சரிபண்றது?"

"வேண்டாம் அம்மணி. என்னைய நம்பாதே."

"நம்பாமத்தான் இத்தன வருசம் பொழச்சனாக்கும்! ஏறுங்க மொதல்ல."

ஏறினார். அம்மா பின்னால் உட்கார்ந்து, கட்டுக்குள் கிடந்து வெளுத்து மெலிந்திருந்த வலது கையை எடுத்து அவர் தோளில் வைத்தாள். அப்பா வண்டியைக் கிளப்பவில்லை. அவர் தோள் குலுங்குவது வாசல்படியில் நின்ற எனக்கே தெரிந்தது.

அம்மா கையை எடுக்கவில்லை. "மொதல்ல கண்ணத் தொடைங்க. ரோடு தெரியோணுமல்லோ" என்றாள்.