கண்ணாடிப் பெட்டியில் மூன்று குச்சிகள்

நாத்தனாரைப் புகழ்வது எனக்குக் கைவராத கலை. ஆனாலும் நடந்ததைச் சொல்லத்தானே வேண்டும்.

விலங்குக் காட்சிசாலை வாசலில் நான் டிக்கெட் கொடுக்கிறேன். அவள் உள்ளே பூச்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். பதினெட்டு வருடமாகக் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்து, இலை மாற்றி, நீர் தெளிப்பவள். வீட்டில் ஒரு கரப்பானை அடிக்க விடமாட்டாள். அவளோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

மழைக்காட்டிலிருந்து மூன்று அபூர்வப் பூச்சிகள் வந்தன. காய்ந்த சுள்ளிக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தன. புது அதிகாரி பார்த்த மாத்திரத்தில் ‘குச்சிப்பூச்சி, இலை தின்னும்’ என்று சீட்டு ஒட்டி, மூன்றையும் ஒரே பெட்டியில் விடச் சொன்னார். பத்து நாள் தளிர் தளிராக வைத்தாள். இலைகள் கடிபடாமலே வாடின. கேட்டால், “புது இடம், பழகட்டும்” என்றார் அவர்.

பதினோராம் நாள் காலை பெட்டியில் இரண்டுதான் இருந்தன.

“நீங்க கதவைச் சரியா மூடலைன்னு எழுதப் போறேன்” என்றார் அதிகாரி. எழுதினால் அவள் வேலை போய்விடும். அவளோ ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிடப் போனேன்.

“இங்க பாரு. இலை திங்கற பூச்சி இப்படித் தலையத் திருப்பி நம்மளப் பாக்காது” என்றாள்.

இரண்டையும் வேறு வேறு பெட்டியில் விட்டாள். வாடிய இலைகளைக் கிளறியதில் ஒரு இறகும் கால் துண்டும் கிடைத்தன. அதிகாரியைக் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே சின்ன வெட்டுக்கிளி ஒன்றை ஒரு பெட்டிக்குள் விட்டாள். அந்தக் குச்சி முன்னால் ஒட்டி நீட்டியிருந்த கால்கள் சட்டென்று விரிந்தன. உள்பக்கம் முழுக்க முள். வெட்டுக்கிளி அதில் மாட்டிக்கொண்டது.

“கும்பிடுபூச்சி சார். மத்தது மாதிரி கையை மடிச்சுக் கும்பிடாம, நீட்டி வெச்சே நம்மள ஏமாத்திடுச்சு. காணாமப் போனது வெளியில போகல.”

அதிகாரி பேனாவை மூடினார். “சரி விடுங்கம்மா. எழுதல.”

“எழுதுங்க சார்.” அவள் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். “பத்து நாள் பட்டினி போட்டோம், அதனாலதான் ஒண்ண ஒண்ணு தின்னுச்சுன்னு எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்.”

எழுதினார். முதல் கையெழுத்து அவருடையது.