புளி போட்டுத் தேய்த்த வாசல் விளக்கு

போன சனிக்கிழமை ஒரு பழுதான விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன், பிள்ளைகளே. எதற்கு? சண்டை பிடிக்கத்தான்!

வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாசல் சுவரில் பூட்டுகிற, நல்ல பித்தளை மின்விளக்கு. இப்போது உடம்பெல்லாம் பச்சையும் கறுப்பும். உள்ளே மழைத்தண்ணீர் போய் எரிவதையே விட்டுவிட்டது. அதனால்தான் முந்தின கிழமை வேலை முடிந்து வந்த என் மனைவி, இருட்டில் வாசல் படியைத் தவறவிட்டு விழுந்தா. முழங்கால் வீங்கிப்போச்சு. எனக்குக் கோபம் வராதா?

நாங்கள் ஜெர்மனியின் உள்நாட்டு நகரமான கெல்சென்கிர்ச்சனில் இருந்து வடக்குக் கடற்கரையில் இருக்கிற குக்ஸ்ஹாஃபனுக்கு வந்து இரண்டு வருஷம். இங்கே கடல் இரண்டு தெரு தள்ளித்தான். காற்றோடு உப்பு வந்து ஜன்னல் கண்ணாடியில் படியும். விரலால் எழுதலாம்!

கடையில் இருந்த அம்மா விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "இதை என்னத்தால துடைச்சனீங்கள்?" என்று ஜெர்மனில் கேட்டா.

"தண்ணியாலதான்" என்றேன்.

பக்கத்தில் நின்ற என் மகள் மதுராவுக்குப் பதினொரு வயது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"இல்லை... புளியால. அது புளிப்பான ஒரு பழம், நாங்கள் சமைக்கிறது. அப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாமி விளக்குத் தேய்க்கேக்க இதையும் சேர்த்துத் தேய்ச்சவர். ஸ்பொஞ்சின்ர சொரசொரப்பான பக்கத்தால!"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஓம், பிள்ளைகளே... பித்தளை என்றால் புளி. வேறென்ன?

அந்த அம்மா சிரித்துவிட்டா. அந்தப் பித்தளைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருந்ததாம். உப்புக்காற்றைத் தடுத்தது அதுதானாம். நான் தேய்த்துத் தேய்த்து அதை எடுத்துவிட்டேன். கண்ணாடியைச் சுற்றி இருந்த ரப்பரையும் கிழித்துவிட்டேன். "மாத்தித் தர ஏலாது" என்றா.

நான் பையைத் தூக்கினேன். மதுரா அசையவில்லை.

"எங்கட வீடு கடலுக்குக் கிட்ட. அம்மா படியில விழுந்திட்டா. எங்களுக்கு எது சரிவரும்?"

மூன்று விளக்குகள் மேசைக்கு வந்தன. என் கண் மினுங்குகிற ஒன்றில் போய் நின்றது. அவளோ ஒவ்வொன்றையும் கவிழ்த்து முதுகைப் பார்த்தாள்!

"ஸ்குரூவும் கடல் காத்துக்குத் தாங்குமா? பழசில அதுவும் துருப்பிடிச்சுப்போச்சு."

கடைக்கார அம்மாவின் புருவம் மேலே போனது. "நல்ல கேள்வி" என்றா.

விளக்கு வருகிற பெட்டியில் IP என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். முதலாவது தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. உப்புக்கு? அதற்கு இலக்கம் இல்லை! கடற்கரைக்கு ஏற்றதா என்று தனியாகக் கேட்கவேண்டும். இது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மதுரா எடுத்தது ஸ்குரூ முதற்கொண்டு கடற்கரைக்கு ஏற்ற, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் விளக்கு. மினுக்கம் கிடையாது. மின்வேலை தெரிந்தவர் வந்து பூட்டித் தந்தார். இனித் துடைக்க நல்ல தண்ணீரும் மெல்லிய துணியும் மட்டும்தான்.

திங்கட்கிழமை பின்னேரம் மனைவி வந்து அண்ணாந்து பார்த்தா. "இஞ்சருங்கோ, இதைவிட வடிவா ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"படி தெரியுதோ?"

"ஓம், வடிவாத் தெரியுது."

"உம்மட மகள் தெரிஞ்செடுத்தது" என்றேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததென்னவோ உண்மை. விளக்குக்காக மட்டுமா? அப்பாவுக்குப் பயந்தோ, அப்பாவைக் காப்பாற்றவோ அவள் பொய்க்குத் துணை போகவில்லையே!

இந்தப் பத்தியை எழுதி முடித்து அவளுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். "அப்பா, ஒரு வசனம் விட்டுப்போச்சு" என்றாள்.

கடையில் நான் சொன்ன அந்த "தண்ணியாலதான்"... அவள் சொன்ன பிறகு சேர்த்ததுதான், பிள்ளைகளே!